பேறுகாலமும் மாத்திரையும்: ரத்த உறைவின் ஆபத்து எங்கே இருக்கிறது?

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, அந்நாட்டு மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் ஓர் அவசரக் கடிதம் அனுப்பியது. டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன் ஆகிய புதிய ஹார்மோன்கள் கொண்ட கருத்தடை மாத்திரைகளைச் சாப்பிடும் பெண்களுக்கு, பழைய வகை மாத்திரை சாப்பிடுவோரைவிட ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றது அந்தக் கடிதம். பல மருத்துவர்கள் அதைப் பிரித்துப் படிப்பதற்குள் செய்தி ஊடகங்களில் வந்துவிட்டது. ‘இரண்டு மடங்கு’ என்பது மட்டும் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. ஏராளமான பெண்கள் மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டார்கள். அந்த இரண்டு மடங்கின் உண்மையான அளவு என்ன? 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது, 7,000 பேரில் இருவருக்கு வரும் என்பதுதான். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. மாத்திரையைவிட ரத்தத்தை அதிகம் உறையவைப்பது கர்ப்பம். ரத்த உறைவுக்குப் பயந்து மாத்திரையை விட்ட பெண்களில் பலர் அதைவிடப் பெரிய ஆபத்துக்குள் போய் விழுந்தார்கள்.

அந்த எச்சரிக்கை பொய்யில்லை. பின்னாளில் டென்மார்க்கிலும் பிரிட்டனிலும் நடந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. உண்மையான ஒரு செய்தி, அளவும் ஒப்பீடும் இல்லாமல் போய்ச் சேர்ந்ததால் தீமை விளைந்தது. நம் ஊரிலும் இதே கோளாறு வேறு வடிவத்தில் இருக்கிறது. கருத்தடை மாத்திரை என்றால் ‘உடம்புக்கு ஆகாது’ என்று அஞ்சுகிறோம். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களை, ரத்த உறைவைப் பொறுத்தவரை ஒரு பெண்ணின் வாழ்விலேயே மிக ஆபத்தான அந்தக் காலத்தை, அச்சமில்லாமல் கடந்துபோகிறோம். ஆபத்து இருக்கும் இடத்துக்கு நம் கவனத்தை நகர்த்த வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், ரத்தம் குழாய்க்குள்ளேயே ஏன் உறைகிறது என்று பார்ப்போம். ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ 1856-இல் வெளியிட்ட ஆய்வுகளின் அடியொற்றி, மருத்துவ மாணவர்கள் இன்றும் மூன்று காரணங்களைப் படிக்கிறார்கள்: ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மையை அடைவது. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஆழத்தில் உள்ள சிரைகளை அழுத்தி, ரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் சிறு வால்வுகள் அது கீழே திரும்பாமல் தடுக்கின்றன. நெடுநேரம் அசையாமல் கிடந்தால் அந்த வால்வுகளின் மடிப்புக்குப் பின்னால் ரத்தம் தேங்கும். அங்கே ஃபைப்ரின் என்ற புரத இழைகள் பின்னத் தொடங்கும். சிவப்பணுக்கள் அதில் சிக்கும். கட்டி சிரையின் நெடுக மேலே வளரும். அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து போனால் தொடை, வயிறு, இதயத்தின் வலப்பக்கம் என்று தடையின்றிப் பயணம் செய்து நுரையீரல் தமனியில் போய் அடைக்கும். கட்டி பெரிதாக இருந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும்.

கர்ப்பம் இந்த மூன்று காரணங்களையும் ஒரே உடலில் கூட்டிவைக்கிறது. வளரும் கருப்பை இடுப்புக்குள் இருக்கும் சிரைகளை அழுத்துவதால் காலிலிருந்து ரத்தம் திரும்புவது மெதுவாகிறது. இடுப்பில் இடது சிரையின் மேல் வலது தமனி குறுக்கே செல்வதால் இடது பக்கம் நெருக்கடி கூடுதல். கர்ப்பிணிகளுக்கு வரும் ரத்தக்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை இடது காலில் வருவது இதனால்தான். கூடவே ரத்தமும் மாறுகிறது. ஃபைப்ரினின் மூலப்பொருளான ஃபைப்ரினோஜென் பிரசவம் நெருங்கும்போது ஏறக்குறைய இரு மடங்காகிறது. உறையவைக்கும் வேறு பல காரணிகளும் ஏறுகின்றன. உறைதலுக்குக் கடிவாளமாக இருக்கும் ‘புரதம் எஸ்’ குறைகிறது. உறைந்ததைக் கரைக்கும் வேலையையும் நஞ்சுக்கொடி சுரக்கும் பொருள் ஒன்று மட்டுப்படுத்துகிறது. தராசின் ஒரு தட்டில் எடையைக் கூட்டி, மறு தட்டில் இருப்பதையும் எடுத்துவிட்டதுபோல, உடல் முழுவதும் உறைதலின் பக்கம் சாய்கிறது.

உடல் ஏன் இப்படிச் சாய்கிறது என்பதற்கு நல்ல காரணம் உண்டு. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் ரத்தம் கருப்பைக்குள் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்தக் குழாய்களின் வாய்கள் திறந்துகிடக்கும். கருப்பைத் தசை இறுகி, ரத்தமும் உடனே உறைந்து அவற்றை மூடாவிட்டால் தாய் பிழைக்க மாட்டாள். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு, மனித குலம் முழுவதும் தாய்மார்களைக் கொன்றுகுவித்த காரணங்களில் முதன்மையானது. அதற்கு எதிராக உடல் பல மாதங்களாகச் செய்துகொள்ளும் ஆயத்தம்தான் இந்த உறைதன்மை. பிள்ளை பிறந்த மறுநாளே அது மறைந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் லட்சக்கணக்கான பிரசவங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் ஆறு வாரங்களில் ஆபத்து மிக உயர்ந்திருப்பதையும், பன்னிரண்டாவது வாரம்வரை சிறிதளவு நீடிப்பதையும் காட்டியது.

மாத்திரை இந்த இயற்கை ஆயத்தத்தைச் சிறிய அளவில் நகலெடுக்கிறது. கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களின் கலவை. உறைதல் காரணிகளில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது கல்லீரல். ஈஸ்ட்ரோஜன் அந்தத் தயாரிப்பைக் கூட்டுகிறது. மாத்திரைகளில் வழக்கமாகச் சேர்க்கப்படும் எத்தினைல் ஈஸ்ட்ரடயோல் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாது. வாய்வழியாகக் கொடுத்தாலும் அது வேலை செய்வது அந்தக் குணத்தால்தான். கல்லீரலை விடாமல் தூண்டிக்கொண்டிருப்பதும் அதே குணத்தால்தான். எனவே தோலில் ஒட்டும் பட்டையாகவோ கருப்பைவாயருகே வைக்கும் வளையமாகவோ கொடுத்தாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை. 1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்கு அனுமதி பெற்ற எனோவிட் மாத்திரையில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. மறு ஆண்டே, அதே வகை மாத்திரையைச் சாப்பிட்ட ஓர் ஆங்கிலேயச் செவிலியருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்ததாக லான்செட் இதழில் ஒரு மருத்துவர் எழுதினார். 1960-களின் இறுதிக்குள் பிரிட்டிஷ் ஆய்வுகள் தொடர்பை உறுதிசெய்தன. ஈஸ்ட்ரோஜனின் அளவு குறைக்கப்பட்டது. நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளும் 7 இரும்புச்சத்து மாத்திரைகளும் இருக்கும். அந்த 21-இல் ஒவ்வொன்றிலும் உள்ள ஈஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராம், அதாவது எனோவிட்டில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு.

ஈஸ்ட்ரோஜனோடு சேரும் துணை ஹார்மோனைப் பொறுத்தும் ஆபத்து மாறுகிறது. மாலா-என்னில் இருக்கும் லெவோனார்ஜெஸ்ட்ரல், ஆண் ஹார்மோனின் சாயல் கொண்டது. ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் செய்யும் வேலையை ஓரளவு எதிர்க்கிறது. டெசோஜெஸ்ட்ரல், டிராஸ்பைரினோன், சைப்ரோட்டரோன் போன்றவற்றுக்கு அந்த எதிர்ப்புக் குறைவு. ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கர்ப்பமாக இல்லாத, மாத்திரையும் சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு இருவருக்குச் சிரையில் ரத்தக்கட்டி வருகிறது. லெவோனார்ஜெஸ்ட்ரல் வகை மாத்திரை சாப்பிடும் 10,000 பேரில் ஐந்து முதல் ஏழு பேருக்கு வருகிறது. டெசோஜெஸ்ட்ரல், டிராஸ்பைரினோன் வகைகளில் ஒன்பது முதல் பன்னிரண்டு பேருக்கு. புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மினி மாத்திரையும், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் இந்த ஆபத்தைக் கூட்டுவதாகச் சான்றுகள் காட்டவில்லை. காப்பர்-டியில் ஹார்மோனே இல்லை. ஆதலால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இப்போது கர்ப்பத்தின் கணக்கைப் பக்கத்தில் வைப்போம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்பீட்டின்படி, கர்ப்ப காலத்தில் ஆண்டுக்கு 10,000 பெண்களில் 5 முதல் 20 பேருக்கு ரத்தக்கட்டி வருகிறது. பிரசவத்தை அடுத்த வாரங்களில் அந்த எண் 40 முதல் 65 வரை போகிறது. இந்தக் கடைசி எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த வேகம் ஓராண்டு முழுக்க நீடித்தால் இத்தனை பேர் என்பது அதன் பொருள்; அந்தக் காலமோ சில வாரங்களே. ஆனாலும் மாத்திரை சாப்பிடும் ஒரு வாரத்தோடு பிரசவத்துக்குப் பிந்தைய ஒரு வாரத்தை ஒப்பிட்டால், பின்னதன் ஆபத்துப் பல மடங்கு என்பதில் ஐயமில்லை.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ‘மாத்திரையைக் கர்ப்பத்தோடு ஏன் ஒப்பிட வேண்டும்? மாத்திரை வேண்டாம் என்னும் பெண் கர்ப்பமாகியே தீருவாள் என்பது என்ன கட்டாயம்? காப்பர்-டி வைத்துக்கொண்டவளுக்கு இரண்டு ஆபத்தும் இல்லையே’ என்று கேட்கலாம். அது சரியான கேள்வி. கர்ப்பத்தைவிட மேல் என்ற ஒரே வாதத்தைக் காட்டி மாத்திரையின் ஆபத்தை மறைப்பது அறிவியல் ஆகாது. இயல்பாகவே வரும் ஒரு நிலையைவிட மாத்திரை பயங்கரமானதன்று என்பதை மட்டுமே அந்த ஒப்பீடு காட்டுகிறது. எந்தப் பெண்ணுக்கு எந்த முறை என்பதை அது முடிவுசெய்யாது. ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவர், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இளம் வயதில் அது வந்திருக்கும் பெண், உடல் எடை மிக அதிகமுள்ளவர் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத முறைகள்தான் பொருத்தம். பக்கவாதத்தோடும் மாரடைப்போடும் சேர்த்துப் பார்த்தால் உயர் ரத்த அழுத்தம், கண்ணில் மின்னல் கோடுகள் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். மற்ற பெரும்பாலோருக்கு மாத்திரை ஏற்கத்தக்க தேர்வு. இந்த வேறுபாட்டைச் சில நிமிடக் கேள்விகளில் கண்டுபிடித்துவிடலாம்.

‘இதையெல்லாம் சொன்னால் பெண்கள் பயந்துபோவார்கள், 1995-இல் அதுதானே நடந்தது’ என்பது அடுத்த மறுப்பு. மருத்துவர்கள் பேசாமல் இருந்த காலமும் நன்மையில் முடியவில்லை. 1970-இல் அமெரிக்க செனட்டில் கேலார்ட் நெல்சன் தலைமையில் மாத்திரையைப் பற்றி விசாரணை நடந்தபோது, மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூட ஏன் சாட்சியாக அழைக்கவில்லை என்று பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்கள் எழுந்து கேட்டார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் எச்சரிக்கைத் தாள் வந்தது அந்தக் குரலின் விளைவு. பிரான்ஸில் 2012 இறுதியில், மாத்திரை சாப்பிட்டுப் பக்கவாதத்துக்கு ஆளான ஓர் இளம்பெண் தொடுத்த வழக்கு பெரும் விவாதமானது. இம்முறை அரசு எச்சரித்ததோடு நிற்காமல், புதிய வகையிலிருந்து லெவோனார்ஜெஸ்ட்ரல் வகைக்கு மாறும்படி வழிகாட்டியது. 2013-இல் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்கள் நுரையீரல் அடைப்புக்காக மருத்துவமனையில் சேர்வது அதற்கு முந்தைய ஆண்டைவிடச் சுமார் 11 விழுக்காடு குறைந்தது. அந்த ஆண்டு அங்கேயும் கருக்கலைப்புகள் கூடின. அச்சத்துக்கு விலை இருந்தது. ஆயினும், எதை விடுவது என்பதோடு எதற்கு மாறுவது என்பதையும் சொன்னால் உயிர்கள் காப்பாற்றப்படும் என்பதை அந்த எண் காட்டியது.

தமிழ்நாட்டின் நிலை வேறு. இங்கே குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் பெண்களுக்குச் செய்யும் கருத்தடை அறுவை சிகிச்சைதான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதைச் செய்துகொண்டவர்கள். கருத்தடைக்காக மாத்திரை சாப்பிடுவோர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஆனால் அதே மாத்திரை வேறு பெயரில் ஏராளமான வீடுகளுக்குள் போகிறது. மாதவிலக்கு ஒழுங்கின்மைக்கும் முகப்பருவுக்கும் மீசை அரும்புவதற்கும், சினைப்பை நீர்க்கட்டிக்கான சிகிச்சை என்று, கல்லூரி மாணவிகளுக்கு எழுதித்தரப்படும் மாத்திரைகளில் பல, டிராஸ்பைரினோனோ சைப்ரோட்டரோனோ கலந்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளே. ஆண் ஹார்மோனை எதிர்க்கும் தன்மைக்காக அவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தன்மையோடு சேர்ந்தே அவற்றின் ரத்த உறைவு ஆபத்தும் வருகிறது. அந்தக் கோளாறு உள்ள பெண்களில் பலருக்கு எடை அதிகம் என்பதால் அவர்களின் தொடக்க ஆபத்தே சற்றுக் கூடுதல். ஆக, ஆபத்து அதிகமுள்ள மாத்திரை, ஆபத்து அதிகமுள்ளவர் கைக்கே போய்ச் சேர்கிறது. இவற்றால் பலருக்கு உண்மையிலேயே நன்மை உண்டு. அவற்றைத் தடைசெய்யச் சொல்லவில்லை. ‘இது கருத்தடை மாத்திரையின் வகைதான், முதல் சில மாதங்களில் இன்னின்ன அறிகுறிகளைக் கவனி’ என்று அந்தப் பெண்ணிடமும் அவளுடைய அம்மாவிடமும் சொல்ல வேண்டும். ஆபத்து மிகுந்திருப்பது தொடங்கிய முதல் ஆண்டில், அதிலும் முதல் மூன்று மாதங்களில். விட்டுவிட்டு மீண்டும் தொடங்கினால் அந்த ஆரம்பக் கட்ட ஆபத்தும் திரும்ப வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னும் கவனிக்கப்படாத ஒன்று, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. கல்யாணம், கிரகப்பிரவேசம், கோயில் பயணம் என்று நாள் குறித்ததும் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே வாங்கப்படும் மாத்திரை இது. பெரும்பாலும் ஐந்து மில்லிகிராம் நோரெதிஸ்டிரோன், நாளுக்கு மூன்று வேளை. கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து வேண்டிய எண்ணிக்கையை மட்டும் தருவார். பெட்டியில் இருக்கும் விவரத்தாள் வீட்டுக்கு வராது. நோரெதிஸ்டிரோன் புரோஜெஸ்டின் வகையைச் சேர்ந்தது. ஆனால் இந்த அளவில் சாப்பிடும்போது அதில் ஒரு சிறு பகுதி உடலுக்குள் எத்தினைல் ஈஸ்ட்ரடயோலாகவே மாறுகிறது. நாளுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் சாப்பிடுவது, 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடுவதற்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நலமான பெண் சில நாள் சாப்பிட்டால் ஆபத்து மிகச் சிறிதுதான். முன்பு ரத்தக்கட்டி வந்து ‘கருத்தடை மாத்திரையைத் தொடக்கூடாது’ என்று எச்சரிக்கப்பட்ட பெண் இதைச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து போனால் அது சிறிய விஷயமில்லை. அவளிடம் கேட்க அந்தக் கடையில் யாரும் இல்லை.

ஆனாலும் எண்ணிக்கையில் இவை எல்லாவற்றையும் மிஞ்சுவது பிரசவம்தான். அதே தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன் மூலம் நடந்தன. இந்தியாவின் சராசரி 21.5. சிசேரியனுக்குப் பின் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு, இயல்பான பிரசவத்தைவிடச் சுமார் நான்கு மடங்கு. அவசரமாகச் செய்யப்படும் சிசேரியனில் இன்னும் கூடுதல். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர், எடை அதிகமுள்ளவர், கர்ப்ப கால ரத்த அழுத்தத்தால் வலிப்பு நிலைவரை போனவர், இரட்டைப் பிள்ளை பெற்றவர், பிரசவத்துக்குப் பின் காய்ச்சலும் தொற்றும் கண்டவர் எனக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது ஆபத்தும் ஏறுகிறது. மிகுந்த ரத்தப்போக்கு ஏற்பட்டு ரத்தம் ஏற்றப்பட்ட பெண்ணுக்கு ‘ரத்தமே இல்லை, எங்கே உறையப்போகிறது’ என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அவருக்குத்தான் பின்னர் ரத்தக்கட்டி வரும் வாய்ப்புக் கூடுதல்.

பச்சை உடம்புக்காரியைப் பொத்திப் பார்த்துக்கொள்ளும் நம் வழக்கத்தில் பெரும் அக்கறை இருக்கிறது. நாற்பது நாள் வீட்டு வேலையிலிருந்து விடுதலை கொடுப்பதும், தாய்வீட்டில் வைத்து ஊட்டுவதும் அவளைக் காக்கின்றன. ஆனால் ஓய்வு என்பது படுக்கையிலேயே கிடப்பது என்று ஆகிவிடக்கூடாது. தண்ணீர் குடித்தால் வயிறு போடும், சளி பிடிக்கும் என்று தாகத்தோடு வைப்பதும் கூடாது. அசையாமை ஓட்டத்தை மந்தமாக்குகிறது; நீரிழப்பு ரத்தத்தைக் கெட்டியாக்குகிறது. மூளையின் சிரைகளில் வரும் ரத்த உறைவை, பிரசவித்த இளம்பெண்களின் நோயாக இந்திய நரம்பியல் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பேறுகாலத்திலும் மூளை ரத்தக்குழாய்களில் உறைவு ஏற்பட்ட 135 நோயாளிகளைப் பற்றி 1983-இல் ஆஞ்சியாலஜி இதழில் எழுதினார். ஆசியப் பெண்களுக்கு ரத்தக்கட்டி அபூர்வம் என்ற பழைய நம்பிக்கைக்கு எதிராக, அந்தக் கட்டுரை ஒரு சான்றாக நிற்கிறது.

‘அப்படியானால் எல்லாப் பெண்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, மரபுக் குறைபாடு உள்ளவர்களைக் கண்டுபிடித்துவிடலாமே’ என்று தோன்றும். 1994-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்த ‘ஃபேக்டர் ஃபைவ் லெய்டன்’ என்ற மரபு மாற்றம் உள்ள பெண் மாத்திரையும் சாப்பிட்டால், இரண்டுமே இல்லாதவரைவிட ஆபத்து சுமார் 30 மடங்கு என்று அவர்களே காட்டினார்கள். ஐரோப்பியரில் நூற்றுக்கு ஐந்து பேரிடம் அது உண்டு. அங்கேயே எல்லோருக்கும் சோதிப்பதை மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கவில்லை. ஒரு மரணத்தைத் தடுக்க மிகப் பெரும் எண்ணிக்கையிலானோரைச் சோதித்து, ஆபத்தே வந்திராத பலருக்கு மாத்திரையை மறுக்க வேண்டியிருக்கும். நம் மக்களிடம் அந்த மரபு மாற்றம் அரிது. சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் அது பொய்யான தைரியத்தைத் தரும். ‘உங்கள் வீட்டில் யாருக்காவது கால் சிரையிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியிருக்கிறதா’ என்ற கேள்விக்குச் செலவே இல்லை.

பிரசவித்த எல்லோருக்கும் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டுவிடலாம் என்பதும் தீர்வாகாது. இந்தியாவில் தாய்மார் மரணங்களுக்கு இன்னும் முதல் காரணம் ரத்தப்போக்கே. ஒரு முனையைக் காக்கப் போய் மறுமுனையில் இழக்கக்கூடாது. அதனால்தான் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆபத்துக் காரணங்களைப் பட்டியலிட்டு மதிப்பெண் போடச் சொல்கிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒரு முறை, மருத்துவமனையில் சேரும்போது ஒரு முறை, பிரசவம் முடிந்ததும் மறுபடி ஒரு முறை. மதிப்பெண்ணைப் பொறுத்துச் சிலருக்கு எழுந்து நடமாடுவதும் தண்ணீரும் போதும். சிலருக்குப் பத்து நாள் ஊசி. சிலருக்கு ஆறு வாரம். ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது, பாலூட்டவும் தடையில்லை. கர்ப்ப அட்டையில் எடையையும் ரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் ஒழுங்காகக் குறித்துவைக்கும் நம் கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்கு இன்னும் ஒரு பத்தியை நிரப்புவது சிரமமான வேலையாக இராது. பிரசவத்துக்குப் பின் கருத்தடை பற்றிப் பேசும் நேரத்திலும் இதே பட்டியல் உதவும். பாலூட்டும் தாய்க்கு ஆறு வாரம் முடியும்வரை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடாது. காப்பர்-டிக்கு அந்தத் தடை கிடையாது.

அறிகுறிகளைப் பொறுத்தவரை, ‘பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கத்தான் செய்யும்’ என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு காலும் மாலையில் வீங்கிக் காலையில் வடிவது இயல்பு. ஒரு கால் மட்டும், குறிப்பாக இடது கால், தொடைவரை வீங்கி வலிப்பது இயல்பன்று. கர்ப்பிணிகளுக்குக் கட்டி இடுப்புச் சிரையில் தொடங்கலாம் என்பதால் கெண்டைக்காலில் வலி இல்லாமல் தொடையிடுக்கிலோ அடிமுதுகிலோ மட்டும் வலிக்கக்கூடும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்து, இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவை நுரையீரலை எட்டியதற்கான அடையாளங்கள். இவற்றை ரத்தசோகை என்றோ வாயுப்பிடிப்பு என்றோ தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் விலைமிக்கது. முதுகில் மயக்க ஊசி போட்டதால் வரும் தலைவலி படுத்தால் குறையும். நாளுக்கு நாள் கூடி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, கைகால் மரத்துப்போதல் ஆகியவற்றோடு வரும் தலைவலிக்கு மூளைச் சிரைகளின் ஸ்கேன் தேவை. காலில் எடுக்கும் டாப்ளர் ஸ்கேனால் வயிற்றுப் பிள்ளைக்கு எந்தத் தீங்கும் இல்லை. உயிருக்கு ஆபத்து என்று ஐயம் வந்தபின், கதிர்வீச்சுக்கு அஞ்சி நுரையீரல் ஸ்கேனைத் தவிர்ப்பதும் சரியாகாது.

கருத்தடை மாத்திரையால் ரத்தம் உறையக்கூடும் என்பது உண்மை. பெரும்பாலோருக்கு அந்த ஆபத்து சிறியது என்பதும் உண்மை. இரண்டையும் எண்ணோடு சேர்த்துச் சொன்னால் பெண்கள் புரிந்துகொள்வார்கள், தமக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்கு அந்தத் திறன் இல்லை என்று எண்ணிய இடங்களில்தான் அச்சமும் மௌனமும் மாறிமாறித் தீங்கு செய்திருக்கின்றன. சினைப்பை நீர்க்கட்டிக்கு மாத்திரை எழுதும் மருத்துவர், மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை விற்கும் கடைக்காரர், சிசேரியன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் செவிலியர் ஆகிய மூவரும் கேட்க வேண்டியவை ஒரே கேள்விகள்தான்: முன்பு ரத்தம் கட்டியிருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது வந்திருக்கிறதா, எடையும் ரத்த அழுத்தமும் எவ்வளவு, அண்மையில் பிரசவமோ அறுவை சிகிச்சையோ நடந்ததா? அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், பெண்களும் அவர்களின் வீட்டாரும் இவற்றைத் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. பிரசவமான வீட்டில் முதல் ஆறு வாரங்களுக்கு, குழந்தையின் எடையை விசாரிக்கும் அதே அக்கறையோடு தாயின் காலையும் மூச்சையும் தலைவலியையும் தினமும் ஒரு தடவை விசாரிக்க வேண்டும்.